நிறம் மாறாத புட்டி

ஒரே வார்த்தையில் முடிந்திருக்க வேண்டிய பதிலை நான் ஏன் அங்கேயே நிறுத்தவில்லை? "தெரியாது டாக்டர்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கலாம். அதுவும் பொய்தான். ஆனால் பயத்தில் சொன்ன பொய் என்று என்னை நானே மன்னித்துக்கொண்டிருப்பேன். அதற்கு மேலும் ஒன்று சொன்னேன். அதை யாரும் என்னிடம் கேட்கவில்லை. பாத்திரம் விளக்கும்போதும் குழந்தைக்குத் தலை வாரும்போதும் இதையே கேட்டுக்கொள்கிறேன். நடந்ததை வரிசையாக எழுதிப் பார்த்தால் பதில் கிடைக்குமோ என்னவோ. பெயர் எதையும் எழுதப்போவதில்லை. என் பெயரையும்தான்.

கிருஷ்ணகிரியில் ஒரு வாடகைக் கட்டடத்தில் சயரோக மருந்து ஆராய்ச்சிப் பிரிவு தொடங்கியபோது எனக்கு இருபத்து மூன்று வயது. எஸ்.எஸ்.எல்.சி. தேறியிருந்தேன். மகனுக்கு ஐந்து மாதம். நோயாளிகளை ஆஸ்பத்திரியில் படுக்க வைக்காமல், அவரவர் வீட்டிலேயே இருக்கவிட்டு வில்லை கொடுத்துக் குணப்படுத்த முடியுமா என்று பார்ப்பதுதான் ஆராய்ச்சி. முடியும் என்றால் ஆயிரக்கணக்கான ஏழைகள் பிழைப்பார்கள் என்று வேலைக்குச் சேர்ந்த அன்று டாக்டர் சொன்னார். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அதை இப்போதும் மறைக்க விரும்பவில்லை. நல்ல காரியத்தில் சேர்ந்திருக்கிறோம் என்ற பெருமையோடுதான் வீடு திரும்பினேன்.

வீட்டுப் பார்வையாளர்கள் நாங்கள் மூன்று பேர். நான், சேலத்திலிருந்து வந்த ஒருத்தி, மூன்றாவதாக எங்கள் இருவருக்கும் மூத்த அக்கா. அக்கா ஓசூர்ப் பக்கம் மூக்கண்டப்பள்ளி. வீட்டுப் பேச்சு தெலுங்கு, கடைவீதியில் கன்னடம், எங்களோடு தமிழ். மூன்றையும் ஒரே வாக்கியத்தில் பேசிவிடுவார். எங்கள் வேலை, முன்கூட்டிச் சொல்லாமல் நோயாளியின் வீட்டுக்குப் போய் நிற்பது, மீதமுள்ள வில்லைகளை எண்ணுவது, அங்கேயே ஒரு புட்டியில் சிறுநீர் வாங்கி வருவது. அந்த நீரில் பரிசோதனைக்கூட உதவியாளர் ஒரு சொட்டு மருந்து விடுவார். நோயாளி வில்லையை விழுங்கியிருந்தால் நீர் கருஞ்சிவப்பாகும். விழுங்காவிட்டால் அப்படியே இருக்கும். சிவப்பு, வெள்ளை என்று அதற்குப் பெயர் வைத்திருந்தோம். தொடர்ந்து மூன்று வெள்ளை வந்தால் அந்த நோயாளியின் பெயரை அடித்துவிடுவார்கள். அப்புறம் வில்லை கிடையாது. வெளியே அந்த வில்லையை விலைக்கு வாங்க எங்கள் நோயாளிகளில் ஒருவராலும் முடியாது.

ஊரில் எங்களைப் புட்டிக்காரம்மா என்பார்கள். பஸ்ஸில் பையோடு ஏறினால் கண்டக்டர், "புட்டிக்காரம்மா ஏறிட்டாங்கோ, கொஞ்சம் நவுந்து உக்காருங்கப்பா, தளும்பிறப் போவுது" என்று சத்தம் போடுவார். பஸ் முழுக்கச் சிரிக்கும். அக்காவும் சிரிப்பார். "தளும்பினா உன் தலையிலதான் நாயனா" என்பார். எனக்கு மட்டும் முகம் எரியும்.

திங்கட்கிழமை காலையில் கூட்டம். நீண்ட மேசையில் அந்த வாரப் புட்டிகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றிலும் ஒட்டிய சீட்டில் நோயாளியின் எண், அதன் கீழே எங்கள் பெயரின் முதலெழுத்து. நாங்கள் நின்றுகொண்டிருக்க வேண்டும். புட்டி சிவந்தால் "குட்" என்பார் டாக்டர், உட்காரலாம். நிறம் மாறாவிட்டால் கூட்டம் முடியும்வரை நிற்க வேண்டும். அதோடு விட்டால்கூடப் பரவாயில்லை. நிற்பவளுக்கு மற்றவர்கள் ஆளுக்கொரு 'திருத்தம்' சொல்ல வேண்டும் என்பது டாக்டர் வைத்த முறை. நிற்பவளிடம் என்ன குறை என்று உட்கார்ந்திருப்பவர்கள் ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டும். சொல்லாமல் இருந்தால் அது சோம்பல். மழுப்பலாகச் சொன்னால், "இது திருத்தம் இல்லை, தாலாட்டு" என்பார். அவர் சத்தம் போட்டதே இல்லை. எப்போதும் சின்னச் சிரிப்போடுதான் பேசுவார். எங்களை சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்.

முதல்முறை நின்ற அன்று இரண்டு மணி நேரம் ஆயிற்று. குழந்தைக்குப் பால் கொடுக்க வேண்டிய வேளை தாண்டியிருந்தது. ரவிக்கை நனைவது எனக்கே தெரிந்தது. முந்தானையை இழுத்து மூடிக்கொண்டேன். சேலத்துக்காரி என்னைப் பார்த்துக்கொண்டே திருத்தம் சொன்னாள்.

"இவங்க உடம்பு இங்க நிக்குது சார், மனசு தொட்டில்ல கெடக்குது. அது இப்ப எல்லாருக்கும் தெரியுதே."

பரிசோதனைக்கூட உதவியாளர் மேசையைப் பார்த்துக் குனிந்துகொண்டார். டாக்டர் சிரித்தார். "வெரி ட்ரூ. தொட்டிலை வீட்டிலேயே விட்டுட்டு வாங்க சிஸ்டர்."

அக்காவின் முறை வந்தது. "அடுத்த வாட்டி பாத்துக்கும் சார்" என்றார். அவ்வளவுதான். தாலாட்டுப் பாடியதற்காக அக்காவும் அன்று எழுந்து நிற்க வேண்டியதாயிற்று. கூட்டம் முடிந்ததும் தன் துண்டைக் கொண்டுவந்து என் தோளில் போட்டுவிட்டு, "ஊருகோம்மா, சும்மா இரு, அழாத. போய்ப் பீய்ச்சி விட்டுட்டு வா, கட்டிக்கப் போவுது" என்றார்.

இப்படி ஒரு வருடம் போனால் மனிதர்கள் என்ன ஆவார்கள்? நாங்கள் கெட்டிக்காரர்கள் ஆனோம். யாருக்கு எங்கே தொட்டால் வலிக்கும் என்று தெரிந்துகொண்டோம். சாப்பிடும்போது பேசுவதில்லை. பேசினால் அது திங்கட்கிழமை திரும்பி வரும். சேலத்துக்காரிக்கு அப்பா இல்லை, அம்மாவை அவள் சம்பளம்தான் காப்பாற்றுகிறது என்று எனக்குத் தெரிய வந்த நாளில், பரிதாபம் வருவதற்கு முன்னால், இது ஒரு நாள் உதவும் என்று தோன்றியது. அப்படித் தோன்றியதற்காக வெட்கப்பட்டேன். ஆனாலும் மறக்கவில்லை.

என் நோயாளிகளில் ஒருத்தி குந்தாரப்பள்ளிக்கு அப்பால் ஒரு கிராமத்தில் இருந்தாள். இருபது வயது இருக்கும். பெரிய பண்ணை ஒன்றில் கூலி வேலை. அவளுக்கும் கைக்குழந்தை, என் மகனைவிட ஒரு மாதம் இளையது. புருஷன் பெங்களூர்ப் பக்கம் கட்டட வேலைக்குப் போனவன், எப்போதாவது வருவான். எங்கள் வில்லை கட்டை விரல் நுனி அளவு, மாவு அடைத்தது. நாளுக்குப் பல விழுங்க வேண்டும். விழுங்கினால் அவளுக்கு வயிறு போகும். களை வெட்டும் காட்டில் ஒதுங்க மறைவு கிடையாது. நாலு தடவை வரப்பைத் தாண்டி ஓடினால் மேஸ்திரி, "வயித்தால போறவளுக்கு இன்னாத்துக்கு வேல, வூட்ல குந்திக்கோ" என்பானாம். அதனால் வேலை உள்ள நாட்களில் அவள் வில்லையைத் தொடுவதில்லை.

இதை அவள் என்னிடம் முதலில் சொல்லவில்லை. முதல் வெள்ளைக்கு அடுத்த வாரமும் வில்லைகள் குறையாமல் இருந்ததைப் பார்த்து நான் கேட்டபோது, கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"இத எழுதிறாதீங்கக்கா. எளப்பு நோவுன்னு தெரிஞ்சா காட்டுக்குள்ளயே வுட மாட்டாங்கோ. ஒங்களயே என் சித்தின்னுதான் சொல்லி வச்சிருக்கேன்."

"மூணாவது வாட்டியும் இப்படி வந்தா மருந்தே கெடைக்காதும்மா."

"அப்பிடின்னா இன்னாக்கா பண்ணட்டும்? வேலக்கிப் போவலன்னா எனக்குப் பால் ஏது? வில்ல முழுங்கி நான் பொழச்சி, புள்ள பட்டினி கெடக்கவா?"

எங்கள் படிவத்தில் காரணம் எழுத இடம் இல்லை. எண்ணிக்கை எழுத ஒரு கட்டம், நிறம் எழுத ஒரு கட்டம். அந்தத் திங்கட்கிழமை நின்றுகொண்டே, பெயரும் வேலையும் சொல்லாமல், "வில்லை வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை டாக்டர், பிரித்துக் கொடுத்தால் ஒருவேளை..." என்று ஆரம்பித்தேன்.

"சிஸ்டர், நான் கேட்டது கலர். கதை கேட்கலை."

அவரைக் குற்றம் சொல்லவும் தெரியவில்லை. எல்லாருக்கும் ஒரே அளவு, ஒரே முறை என்றால்தான் ஆராய்ச்சி. ஒருத்திக்காக மாற்றினால் மொத்தமும் கெட்டுவிடும் என்று பிறகு விளக்கினார். அது நியாயமாகவும் இருந்தது. நான் இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருந்தால்? அல்லது கூட்டத்தில் சொல்லாமல் தனியாக அவர் அறையில் சொல்லியிருந்தால்? தெரியவில்லை. திருத்தம் சொல்லும் முறை வந்தபோது சேலத்துக்காரி, "இவங்க நோயாளிகிட்ட வில்லை கொடுக்கப் போறாங்களா, ஊர்க்கதை பேசப் போறாங்களா?" என்றாள். அதோடு வாயை மூடிக்கொண்டேன்.

மூன்றாவது வாரம் போனேன். வில்லைகள் அப்படியே இருந்தன. அவள் புட்டியை வாங்கிக்கொண்டு போய்த் திரும்பி வந்தாள். சொட்டு விடாமலே எனக்கு நிறம் தெரியும். குந்தாரப்பள்ளியில் அன்று சந்தை. மாடுகளுக்கு நடுவே புகுந்து பஸ் நிற்கும் இடத்துக்கு வந்து, புளியமரத்தடியில் உட்கார்ந்து அழுதேன். அவளுக்காக அழுதேன் என்று சொல்ல ஆசை. திங்கட்கிழமை நிற்க வேண்டுமே என்றும்தான் அழுதேன். எது எவ்வளவு என்று பிரிக்கத் தெரியவில்லை.

அக்கா அதே வழியில் வேறொரு கிராமத்திலிருந்து வந்தார். அவருக்கு ஒரு கிழவர் நோயாளி. கடிகாரம்போல வில்லை விழுங்குகிறவர், ஒரு நாளும் வெள்ளை வந்ததில்லை. அக்கா என்னிடம் காரணம் கேட்டார், சொன்னேன்.  பிறகு என் பையிலிருந்து புட்டியை எடுத்து மரத்தின் வேரில் கவிழ்த்தார். கிழவரின் புட்டியிலிருந்து பாதியை அதில் ஊற்றி மூடினார்.

"அக்கா!"

"ஏன் கத்தற? ஒரு திங்கக்கெழம நீ உக்காரு. அவளுக்கும் ஒரு மாசம் மருந்து வரட்டும். வேல கொறஞ்சா முழுங்கிக்குவா."

"தப்பில்லையா அக்கா?"

"தப்புத்தான்" என்றார். "பஸ்ஸு வருது, ஏறு."

பஸ்ஸில் அன்றுதான் தன்னைப் பற்றிச் சொன்னார். கல்யாணமாகி நான்கு வருடத்தில் இரண்டு குழந்தை வயிற்றிலேயே போயிற்றாம். மூன்றாவது தங்காது என்று ஆனபோது புருஷன் வேறொருத்தியைக் கூட்டி வந்துவிட்டானாம். அதன் பிறகு அண்ணன் வீட்டில் இருந்துகொண்டு இந்த வேலைக்கு வந்தாராம். எல்லாவற்றையும் சந்தையில் தக்காளி விலை சொல்வதுபோலச் சொன்னார். "யார்ட்டயும் சொல்லிக்காத" என்று மட்டும் கடைசியில் சொன்னார்.

அந்தத் திங்கட்கிழமை என் புட்டி சிவந்தது. உட்கார்ந்தேன். நாற்காலி அவ்வளவு சுகமாக இருக்கும் என்று நான் நினைத்ததில்லை.

ஒரு முறை என்று ஆரம்பித்தது ஐந்து வாரம் ஆயிற்று. அவளுக்கு வேலை குறையவில்லை. களை முடிந்து கடலைக்காய் பிடுங்கல் வந்தது, அது முடிவதற்குள் கேழ்வரகு அறுப்பு. ஒவ்வொரு வாரமும் புளியமரத்தடியில் அக்கா ஊற்றுவார், நான் பஸ் வருகிறதா என்று பார்த்துக்கொண்டு நிற்பேன். அவள் விழுங்காமல் ஒதுக்கி வைத்த வில்லைகளைப் படிவத்தின் எண்ணிக்கையில் நான் சேர்ப்பதில்லை. ஆனால் மாதம் ஒருமுறை அவளுக்கு எடை பார்ப்பார்கள், சளி பார்ப்பார்கள். எடை இறங்கியது, சளியில் கிருமி இருந்தது. டாக்டருக்கு ஒரே குழப்பம். "கலர் பர்ஃபெக்ட். ஏன் தேறலை?" என்று அவளுடைய தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார். முதல்முறையாக அவர் முகத்தில் கவலையைப் பார்த்தேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொன்னால் அக்காவையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், அவள் பெயரை அடித்துவிடுவார்கள், என் வேலையும் போகும். இந்த மூன்றையும் மாற்றி மாற்றி முன்னால் வைத்துக்கொண்டு, எதற்காகச் சும்மா இருக்கிறேன் என்று எனக்கே தெரியாதபடி பார்த்துக்கொண்டேன்.

டாக்டர் தலைமை அலுவலகத்துக்கு எழுதினார். அங்கிருந்து ஒரு பெரிய அதிகாரி ஒரு வெள்ளிக்கிழமை வந்தார். அவர் முன்னால் எங்கள் டாக்டர் உட்காரவே இல்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று, கேட்டதற்கெல்லாம் "எஸ் சார்" என்றார். வந்தவர் அந்த வாரப் புட்டிகள் எல்லாவற்றையும் வேறு விதமாகச் சோதிக்கச் சொன்னார். நீல நிற மருந்தோடு சேர்த்துக் காய்ச்சினால், நீரில் சர்க்கரை இருந்தால் அது செங்கல் நிறமாகுமாம். இரண்டு புட்டிகள் செங்கல் நிறமாயின. ஒன்று கிழவருடையது. அவருக்கு நீரிழிவு இருந்தது யாருக்கும் அதுவரை தெரியாது. இன்னொன்று, சோறு கண்டால் போதும் என்றிருக்கிற அந்தக் கூலிக்காரப் பெண்ணுடையது.

மறுநாளே அந்த அதிகாரி பரிசோதனைக்கூட உதவியாளரை ஏற்றிக்கொண்டு ஜீப்பில் அவள் வீட்டுக்கே போனார். கையோடு வாங்கிச் சோதித்தார். சர்க்கரையும் இல்லை, சிவப்பும் இல்லை. நான் வீட்டில் குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தேன், எனக்கு ஒன்றும் தெரியாது.

திங்கட்கிழமை மேசையில் இரண்டே புட்டிகள் இருந்தன. டாக்டர் சிரிக்கவில்லை. அதிகாரி ஓரமாக உட்கார்ந்து குறிப்பேட்டைத் திறந்து வைத்திருந்தார். சர்க்கரை விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, "யார் ஊற்றியது?" என்றார் டாக்டர்.

அக்கா என்னைப் பார்க்கவில்லை. "நான்தான் சார்" என்றார். "அந்தம்மாவுக்குத் தெரியாது. பஸ்ஸுக்கு நிக்கறப்ப பைய என்கிட்ட குடுத்துட்டுத் தண்ணி குடிக்கப் போனாங்க. ஒரே ஒரு வாட்டிதான்."

"ஏன் செய்தீங்க?"

"பாவமா இருந்திச்சு."

"யாரைப் பார்த்து?"

அக்கா மேசையிலிருந்த புட்டிகளைப் பார்த்தார். டாக்டர் என் பக்கம் திரும்பினார். "உங்க நோயாளி சிஸ்டர். உங்களுக்குத் தெரியுமா?"

எழுந்தேன். "தெரியாது டாக்டர்" என்றேன்.

அங்கே நிறுத்தியிருக்கலாம். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. திருத்தம் சொல்லச் சொல்லவும் இல்லை. ஆனால் அதிகாரியின் பேனா நின்று, அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பதுபோலத் தோன்றியது. நம்பவில்லையோ என்று நினைத்தேன். என் வாய் தானாகத் திறந்தது.

"அவங்களுக்குக் குழந்தை கிடையாது டாக்டர். ரெண்டு போயிடுச்சு, புருஷனும் விட்டுட்டுப் போயிட்டார். அதனால ஒரு தாயோட உயிர் அவங்களுக்கு வெளையாட்டாத் தெரியுது."

 சேலத்துக்காரிகூட என்னை நிமிர்ந்து பார்த்தாள். ஒரு வருடமாக எனக்குத் திருத்தம் சொன்னவளுக்கே அது அதிகமாகப் பட்டது. அக்கா என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். பஸ்ஸில் சில்லறை தவறவிட்டவர்கள் காலடியில் தேடுவார்களே, அப்படி என் முகத்தில் எதையோ தேடிவிட்டு, முந்தானையைச் சரி செய்துகொண்டார்.

"உட்காருங்க சிஸ்டர்" என்றார் டாக்டர் என்னிடம். உட்கார்ந்தேன்.

அன்று மதியமே அக்காவை அனுப்பிவிட்டார்கள். தன் டிபன் டப்பாவையும் செருப்பையும் எடுத்துக்கொண்டு போனார். பரிசோதனைக்கூட உதவியாளர் வாசலில் என்னைத் தாண்டிப் போகும்போது, "ஹோகலி பிடம்மா" என்று கன்னடத்தில் மெல்லச் சொன்னார். போகட்டும், விடு என்று அர்த்தம். எனக்கு ஆறுதலாகச் சொன்னாரா, என்னோடு இனிப் பேச ஒன்றும் இல்லை என்று சொன்னாரா, அதுவும் தெரியவில்லை.

அந்தப் பெண்ணின் பெயரை அடித்தார்கள். 'ஒத்துழைக்காதவர்' என்று எழுதினார்கள். அடிக்கப்பட்டவரிடம் மீதமிருக்கும் வில்லைகளைத் திரும்ப வாங்க வேண்டும் என்பது விதி. அவள் என் நோயாளி என்பதால் என்னைத்தான் அனுப்பினார்கள்.

போனபோது பகல் பதினொரு மணி. அந்த நேரத்தில் அவள் வீட்டில் இருந்ததே எனக்கு ஆச்சரியம். வாசலில் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்து வீட்டுப் பெண் என்னைக் கண்டதும் தன் பிள்ளைகளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள்.

"சித்தி வந்திட்டாங்கோ" என்று கூலிக்காரப் பெண் சிரித்தாள். பிறகு இருமினாள். "ஜீப்பு வந்து நின்னுச்சில்லக்கா, ஊருக்கே தெரிஞ்சிருச்சி. மேஸ்திரி இனிமே வராதேன்னுட்டான். பொதுக் கெணத்துலயும் எறங்கக் கூடாதாம்."

நான் விஷயத்தைச் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை, பாடம் ஒப்பிப்பதுபோல் சொல்லியிருப்பேன். அவள் உள்ளே போய் ஒரு மண்சட்டியைத் தூக்கி வந்தாள். அது நிறைய வில்லை. விழுங்காமல் விட்டது ஒன்றையும் அவள் எறியவில்லை.

"வேல இல்லாத மாசத்துல முழுங்கிக்கலாம்னு சேத்து வச்சிருந்தேன். இப்பத்தான் வேலயே இல்லயே. இனிமே வயித்தால போனா இன்னா, வூட்லதான கெடக்கப் போறேன். தெனத்துக்கும் முழுங்கறேங்க்கா. இத மட்டும் வுட்டுட்டுப் போங்கோ."

"விதி இருக்கும்மா. எண்ணித் திரும்பக் கொடுக்கணும்."

"கொறச்சலா எண்ணிக்கோங்க. யார் பாக்கப் போறாங்கோ?"

யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். பாதியை விட்டுவிட்டு வந்திருந்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. அக்காவாக இருந்தால் விட்டுவிட்டுத்தான் வந்திருப்பார். ஆனால் அக்காவுக்கு என்ன நடந்தது என்று பார்த்த கண்கள் என்னுடையவை. மடியில் துணியை விரித்து, அவள் முன்னாலேயே எண்ணினேன். அவள் குழந்தை கையை நீட்டி ஒரு வில்லையை எடுத்து வாயில் வைக்கப் போனது. அதையும் விரலைப் பிரித்து வாங்கினேன். தாளில் அவள் பெருவிரல் ரேகையை வாங்கிக்கொண்டு எழுந்தேன்.

"அந்தப் பெரியக்கா வரலியா?" என்று கேட்டாள். அவர் ஒருமுறை என்னோடு அங்கே வந்திருக்கிறார்.

"வேற ஊருக்குப் போயிட்டாங்க" என்றேன்.

அலுவலகத்தில் டாக்டர் அந்தச் சட்டி வில்லைகளைத் தொட்டுப் பார்த்தார். ஈரம் பட்டு ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. "யூஸ்லெஸ்" என்றார். பின்புறம் குழி வெட்டிக் கொட்டி மூடினார்கள். ரேகைத் தாளில் எழுதிய எண்ணிக்கையும் வில்லைகளும் ஒத்திருந்ததற்கு எனக்கு "குட்" கிடைத்தது. அடுத்த மாதம் அக்காவின் கிராமங்களையும் என்னிடமே கொடுத்தார்கள். இரண்டாவது பிரசவம் வரைக்கும் வேலை பார்த்துவிட்டு நின்றுவிட்டேன். என் மகனுக்கு இப்போது மூன்று வயது முடிகிறது. இருமினால் இன்னும் நெஞ்சில் காது வைத்துக் கேட்கிறேன்.

போன மாதம் குந்தாரப்பள்ளிச் சந்தையில் அவளைப் பார்த்தேன். உயிரோடு இருக்கிறாள். கழுத்தெலும்பு தெரிகிறது. சந்தையின் கடைசியில், ஆட்கள் அதிகம் போகாத ஓரத்தில், நாலு கட்டு விறகை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். குழந்தை பக்கத்தில் நின்றது. அது இருமியது. தூசியாகவும் இருக்கலாம். நான் மிளகாய்க் கடைக்குப் பின்னால் நின்றுவிட்டு, விறகுப் பக்கம் போகாமலே பஸ் ஏறிவிட்டேன்.

வந்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. பரிசோதனைக்கூட உதவியாளர் இப்போதும் அங்கேதான் இருக்கிறார். கடைவீதியில் பிடித்துக் கேட்டேன். அடிக்கப்பட்டவர்களைத் திரும்பச் சேர்த்துக்கொள்ள இப்போது வழி இருக்கிறதாம், வில்லையைப் பிரித்துக் கொடுக்கும் முறையும் வந்திருக்கிறதாம். ஆனால் முன்பு ஏன் தவறியது என்று அப்போதைய பார்வையாளர் கையெழுத்திட்டு எழுதித் தர வேண்டும். அந்த ஐந்து வாரச் சிவப்பில் எது யாருடையது என்பதும் அதில் வர வேண்டும். ஒரே ஒரு தடவை என்று அக்கா சொன்னதைப் பொய்யாக்காமல் அதை எழுத முடியாது. எனக்குத் தெரியாது என்று நான் சொன்னதும் பொய்யாகும். என் வீட்டுக்காரர் சர்க்கார் பள்ளி ஆசிரியர். "அவளே வந்து கேட்கட்டும், நீயாக ஏன் தலையைக் கொடுக்கிறாய்?" என்கிறார். நாத்தனார், "ரெண்டு புள்ளயப் பெத்துட்டு இப்ப எதுக்கு இந்த வேல?" என்கிறார்.

அவர்கள் சொல்வது முழுத் தப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை. எழுதுவதானால் அந்தப் பெண்ணைக் கேட்டுவிட்டு எழுதுவதா? அவள் வாசலில் நான் மறுபடி நின்றால் அந்த விறகையும் யாரும் வாங்காமல் போய்விடுவார்களே. கேட்காமல் எழுதினால், ஒரு முறை அவளைக் கேட்காமல் செய்ததன் பலன்தானே இது. அக்காவுக்கு முதலில் எழுதி அவர் சம்மதம் வாங்குவதா? மூக்கண்டப்பள்ளியில் அண்ணன் வீட்டில்தான் இருக்கிறாராம். அவர் சம்மதிப்பார். அதனாலேயே கேட்கக் கூசுகிறது. அதற்குள் மழைக்காலம் வந்துவிடும், அவளுக்கு எத்தனை நாள் இருக்கிறதோ.

இதைப் படிக்கிறவர்களில் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறவர்கள் இருப்பீர்கள், இப்படி ஒரு கடிதம் எழுதியவர்களோ எழுதாமல் விட்டவர்களோ இருப்பீர்கள். அந்தப் பெண்ணுக்கு வில்லை திரும்பக் கிடைக்க, அவளுக்கு மறுபடி கெடுதல் வராமல், நான் முதலில் யாரிடம் போக வேண்டும்? தெரிந்தவர்கள் பத்திரிகை மூலமாக எழுதுங்கள். என்னைத் திட்டியும் எழுதலாம், ஆனால் வழியையும் சேர்த்து எழுதுங்கள்.